இரண்டாம் நாள் காலைக்குத் தயாரா?
பழனி பாதயாத்திரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மாலை போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், இப்போதே எழுதிக் கேட்டவர்களின் கேள்விகள் இவை. பாதிக்கு மேல் கொப்புளம் பற்றித்தான். அதற்கு மட்டும் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 42. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. குன்றக்குடியிலிருந்து குழுவோடு 5 நாளில் பழனி போகிறோம். தினமும் காலையில் 3 கி.மீ. நடக்கிறேன். போதுமா?
*வாசகர், காரைக்குடி*

போதாது. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் போனால் ஏறத்தாழ 155 கி.மீ. ஐந்து நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 31. மணிக்கு நாலரை கி.மீ. வேகத்தில் ஏழு மணி நேரம் கால் தரையில் இருக்கும். எண்ணிப் பார்த்தால் நாற்பதாயிரம் அடிக்கு மேல்.

மூச்சு வாங்கி உட்காருபவர்கள் குறைவு. நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண், எலும்பு, பாதத்தின் தோல் ஆகியவை பழக இரண்டு மூன்று மாதம் கேட்கும். முதல் நாள் உற்சாகத்தில் யார் வேண்டுமானாலும் 30 கி.மீ. நடந்துவிடலாம். இரண்டாம் நாள் விடியற்காலை 3 மணிக்கு, வீங்கிய காலைத் தரையில் ஊன்றி எழுந்திருக்க வேண்டும் பாருங்கள், பயிற்சி எல்லாம் அந்த நேரத்துக்காகத்தான்.

பன்னிரண்டு வாரக் கணக்கு இது. முதல் மூன்று வாரம், வார நாள்களில் நான்கு நாள் 5 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை 8 கி.மீ. அடுத்த மூன்று வாரம், வார நாள்களில் 6 அல்லது 7, ஞாயிறுகளில் முறையே 12, 14, 10. அந்த மூன்றாவது ஞாயிறு வேண்டுமென்றே குறைத்தது. உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள ஓர் இடைவெளி. ஏழாம் வாரத்திலிருந்து சனியும் ஞாயிறும் சேர்ந்தே வர வேண்டும்: 10 + 14, 12 + 16, 15 + 20. பத்தாம் வாரம் சனி 20, ஞாயிறு 25. அதுதான் தேர்வு. பதினோராம் வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். கடைசி வாரம் மூன்று நான்கு கி.மீ. உலாவினால் போதும், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் சும்மா இருங்கள்.

சனிக்கிழமை நடந்த காலோடு ஞாயிறு காலை நடக்கும்போதுதான் எந்த விரல் உரசும், எந்த முட்டி முனகும் என்பது தெரியும். அதனால் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிறு இரண்டு மடங்கு நடப்பது கணக்கில் சேராது.

பூங்காவில் சுற்றாதீர்கள். தார்ச்சாலை ஓரத்தில் நடந்து பழகுங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். வலது ஓரமாகவே ஐந்து நாள் நடந்தால், உங்கள் வலது கால் ஐந்து நாளும் பள்ளத்தில் நடக்கிறது என்று பொருள். மூன்றாம் நாள் இடுப்பின் பக்கவாட்டிலும் முட்டியின் வெளிப்பக்கத்திலும் வலி கிளம்புவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஓரத்தில் சமமான மண் பாதை தென்பட்டால் அதில் இறங்கி நடங்கள்.

வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம் வீட்டிலேயே செய்ய வேண்டியவை: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணிக்கையில் மெல்ல இறக்குவது 12 தடவை, மூன்று சுற்று. ஒரு சாண் உயரப் படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது, காலுக்கு 10, மூன்று சுற்று. சுவரில் சாய்ந்து நின்று, குதிகால் தரையில் இருக்க முன்பாதத்தை மட்டும் தூக்குவது 20, இரண்டு சுற்று. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பை ஒட்டி வரும் வலிக்குத் தடுப்பு அதுதான்.

ஒரே நாளில் 40 கி.மீ. நடந்து பார்த்துவிட்டால் தைரியம் வருமே?
*வாசகர், மேலூர்*

தைரியம் வரும், கூடவே குதிகால் வலியும் வரும். வேண்டாம்.

வேண்டுதல் இருப்பதால் வெறுங்காலோடு நடக்க வேண்டும். எப்படிப் பழகுவது?
*வாசகி, ஈரோடு*

முதலில் குதிகாலைப் பாருங்கள். பித்த வெடிப்பு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். தினமும் இரவு பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) லேசாகத் தேய்த்து, யூரியா கலந்த களிம்பைப் பூசிக் காலுறை போட்டுப் படுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வெடிப்பு மூடும். பிளேடால் சீவக் கூடாது. ஆழமான வெடிப்போடு நடந்தால் இரண்டாம் நாளே ரத்தம் கசியும். சாலை அழுக்கு உள்ளே போவதற்கு அதுவே வாசல்.

முதல் வாரம் வெறுங்காலில் மொட்டை மாடியிலோ மண் தரையிலோ பத்து நிமிடம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்தைந்து நிமிடம் கூட்டுங்கள். தோல் தடிக்கக் குறைந்தது ஆறேழு வாரம் ஆகும். அதன் பிறகுதான் தார்ச்சாலை. செருப்பில்லாதபோது நடையும் மாற வேண்டும்: நீட்டி வைத்துக் குதிகாலால் அடிக்காமல், எட்டைக் குறைத்துப் பாதத்தை மெல்லப் பதியுங்கள்.

தை மாதத்தில்கூட முற்பகல் 11 மணிக்கு மேல் தார் சுடும். விடியலுக்கு முன் 3 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும் பகுதியை முடித்துவிட்டு, மீதியை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஓர வெள்ளைக் கோடு தாரைவிடச் சூடு குறைவு என்று அதன்மேலேயே நடப்பவர்கள் உண்டு. சூடு குறைவு என்பது உண்மைதான், ஆனால் வண்டி உரசிப் போவதும் அந்தக் கோட்டைத்தான். வெறும் காலுறையோடு நடப்பதும் அரைகுறைத் தீர்வு: தார் அதை அரைத்து ஓட்டை போடும், ஓட்டை விழுந்த இடத்தில் கொப்புளம் வரும்.

கருவேல முள், கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த ஆணி எல்லாம் வழியில் இருக்கும். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் என்று பார்த்து, தேவையானால் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெறுங்கால் நடை கூடவே கூடாது.

ஷூவா, செருப்பா?
*வாசகர், மணப்பாறை*

எதில் 80 முதல் 100 கி.மீ. பயிற்சி நடந்தீர்களோ, அது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும். எனவே மாலையில் கடைக்குப் போய், பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி வாங்குங்கள். ஷூ காலைப் பாதுகாக்கும், ஆனால் வியர்வையை உள்ளே தேக்கும். குதிகாலில் பட்டை உள்ள செருப்பு காற்றோட்டம் தரும், ஆனால் பட்டை ஓரம் அறுக்கும், சரளைக் கல் புகும். முடிந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றுங்கள். உரசும் இடம் மாறிவிடும். விரல்களால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம், கெண்டைக்கால் இறுகிவிடும்.

கொப்புளம் வராமல் தடுக்க என்ன வழி? வந்தால் ஊசியில் நூல் கோத்துவிட்டால் போதும் என்கிறார்களே, சரியா?
*தேவகோட்டை, நத்தம், திருச்சி வாசகர்கள் பலர்*

கொப்புளம் வெளித்தோல் தேய்வதால் மட்டும் வருவதில்லை. எலும்பு முன்னும் பின்னும் அசைகிறது, தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த இழுபறியில் தோலின் அடுக்குகள் உள்ளே பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. ஈரத் தோல் காலுறையோடு இன்னும் இறுக ஒட்டும். அதனால் கொப்புளத்துக்கு முதல் எதிரி உலர்ந்த கால்.

பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் கலந்த விளையாட்டுக் காலுறை மேல். மூன்று ஜோடி வேண்டும்: ஒன்று காலில், ஒன்று பையின் வெளியே காய, ஒன்று இரவுக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காலைத் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, மாற்றிப் போடுங்கள். ஓய்விடத்தில் கிணற்றையோ வாய்க்காலையோ கண்டதும் காலை ஊறப்போட ஆசை வரும். அன்றைய நடை முடிந்த பிறகு தாராளமாகச் செய்யலாம். இடையில் செய்தால் ஊறிய தோலோடு மீண்டும் நடக்க வேண்டியிருக்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் காகித ஒட்டுப்பட்டை, அதாவது மைக்ரோபோர், விலையில் சிறியது, வேலையில் பெரியது. பல நாள் நடக்கும் 250 கி.மீ. ஓட்டப் பந்தயங்களில் அதைச் சோதித்து, ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2016இல் எழுதினார்கள். பயிற்சியின்போது உங்களுக்கு உரசிய இடங்களில், கிளம்பும் முன்பே, உலர்ந்த தோலில் ஒரே அடுக்காகச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். முனைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. எண்ணெய், வாசலின் தடவிய இடத்தில் ஒட்டாது. ஒரு பகுதிக்கு ஒரு வழிதான்.

கொப்புளம் வரும் முன் அந்த இடம் சுடும். சூடு தெரிந்த உடனே நிற்க வேண்டும். “அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நடக்கும் அந்த ஒன்றரை கி.மீ.தான் கொப்புளத்தைக் கொண்டுவருகிறது. நின்று, துடைத்து, பட்டை ஒட்டி, மணல் இருக்கிறதா என்று உதறிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

வந்தே விட்டால்: சிறிதாக, வலியில்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். நடுவில் ஓட்டையிட்ட மெத்துப் பஞ்சை அதைச் சுற்றி வைத்து, மேலே பட்டை ஒட்டுங்கள். பெரிதாகி, நடந்தால் தானே உடையும் என்ற நிலையில் இருந்தால் மட்டும் நீரை எடுக்கலாம். சோப்பு நீரில் கையையும் காலையும் கழுவி, பொவிடோன் அயோடின் தடவி, மருந்துக் கடையில் வாங்கிய புதிய ஊசியால் கொப்புளத்தின் அடிவிளிம்பில் இரண்டு இடத்தில் குத்துங்கள். மெல்ல அழுத்தினால் நீர் வடியும். மேல்தோலை உரிக்கவே கூடாது, அதைவிட நல்ல கட்டு கிடையாது. ஒட்டாத வகைத் துணிக்கட்டு வைத்து மேலே பட்டை. இரவில் திறந்து வைத்து, காலையில் புதிதாகக் கட்டுங்கள். ரத்தம் கலந்த கொப்புளத்தையும், சர்க்கரை நோயாளியின் கொப்புளத்தையும் நீங்களாகக் குத்த வேண்டாம்.

நூல் கோத்து உள்ளேயே விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நீர் வடிகிறது என்பது சரிதான். ஆனால் வழி இருபக்கமும் திறந்திருக்கிறதே: நூல் நீரை வெளியே இழுப்பதுபோலவே சாலை அழுக்கை உள்ளே இழுக்கும். சுற்றிலும் சிவந்து சூடாகி, சீழ் வந்து, நெறி கட்டினால் நடையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

கால் நகங்களைக் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். முதல் நாள் இரவு ஒட்ட வெட்டிவிட்டு வருபவர்கள் மூன்றாம் நாள் நொண்டுகிறார்கள்.

தொடை இடுக்கில் உரசி எரிகிறது. ஆண், 88 கிலோ.
*வாசகர், திருமங்கலம்*

ஈர வேட்டியும் வியர்வை உப்பும் சேர்ந்த வேலை. வேட்டிக்குள் முழங்கால் வரை இறுக்கமான, தையல் உள்தொடையில் வராத அரைக்கால் சட்டை போடுங்கள். கிளம்பும் முன் வாசலின் தடவி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவுங்கள். குளித்தால் துவட்டிக் காய்ந்த பிறகே துணி.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? வழியில் நீர்மோர், பானகம், சாப்பாடு என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களே?
*வாசகி, மதுரை*

மணிக்கு 400 முதல் 600 மி.லி., வெயிலில் சற்றுக் கூடுதல். தாகத்தை ஒட்டிக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியான அளவு. அடர்ந்த மஞ்சள் என்றால் குறைவு. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் போல் தெளிவாகப் போய், விரல் வீங்கி மோதிரம் இறுகி, தலைவலியும் குமட்டலும் வந்தால் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டீர்கள்; ரத்தத்தில் உப்பு குறைகிறது. அப்போது மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. குழப்பமாகப் பேசினால் உடனே மருத்துவமனை.

உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, எந்தத் தண்ணீரில் கரைத்தது என்பதுதான் கேள்வி. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கெட்டியாகக் கரைத்துக் குடித்தால் வயிற்றைக் கலக்கும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

அன்னதானம் செய்பவர்களின் மனசு பெரியது, உங்கள் வயிறு சிறியது. பந்தலுக்குப் பந்தல் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டால் கால் நகராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு இட்லி அளவு போதும். ஆவி பறக்கப் பரிமாறுவதை வாங்குங்கள். மதியத்துக்கு மேல் தேங்காய்ச் சட்னி, காலையில் கட்டிய தயிர்சாதப் பொட்டலம், வெட்டி வைத்த பழம் வேண்டாம். ஒரு துண்டு சோப்பு இடுப்பிலேயே இருக்கட்டும். நடையைப் பாதியில் நிறுத்தும் நோய்களில் வயிற்றுப்போக்குக்கு முன்வரிசை இடம்.

அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய். போக வேண்டும் என்கிறார்.
*வாசகி, புதுக்கோட்டை*

இரண்டு விஷயம் தெரிந்த பிறகே முடிவு செய்யுங்கள். ஒன்று, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையை மருத்துவர் செய்வார். உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் வேண்டாம், கடைசிச் சில கி.மீ. மட்டும் நல்ல ஷூவோடு நடக்கட்டும். இரண்டு, என்ன மருந்து. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று தாழ்வது அரிது. இன்சுலின், கிளிமிபிரைடு வகை என்றால் நீண்ட நடையில் தாழும். அன்றிரவு தூக்கத்திலும் தாழும். டாபாகிளிஃப்ளோசின் போன்றவை உடலில் நீர் வற்றும்போது வேறு சிக்கல் தரும். அளவை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். பயிற்சி நடையின்போதே அந்த அளவைச் சோதித்துவிடுங்கள்.

கிளம்பும் முன், நடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, படுக்கும் முன் என்று சர்க்கரை பார்க்க வேண்டும். 70க்குக் கீழே போனால் குளுக்கோஸ் பொடி மூன்று தேக்கரண்டி, 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பார்ப்பது. கைநடுக்கம், குளிர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். இதைக் கூட நடப்பவர் ஒருவராவது தெரிந்திருக்க வேண்டும். இன்சுலினை வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வெந்துவிடும். சிறு மண்கலயத்தில் ஈரத் துணி சுற்றி வையுங்கள்.

நடக்கும் நாளில் மாதவிடாய் வரும் போலிருக்கிறது. தள்ளிப்போட மாத்திரை போடலாமா? கழிப்பிடச் சிக்கலை எப்படிச் சமாளிப்பது?
*வாசகி, சிவகங்கை*

நார்எதிஸ்டிரோன் மாத்திரையை எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினால்தான் பலன். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும், திரும்பும் நாளையும் கணக்கில் வையுங்கள். ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் நோய் இருந்தால் கூடாது. தோழி போட்டாள் என்று போடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

கழிப்பிடத்துக்குப் பயந்து பெண்கள் தண்ணீரையே விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலும் அதனால்தான். விடியலுக்கு முன் கிளம்புவது, வழியிலுள்ள பெட்ரோல் பங்க்குகளை முன்கூட்டியே குறித்து வைப்பது, நான்கைந்து பெண்கள் சேர்ந்தே போவது, ஒரு பழைய சேலையை மறைப்புக்கு வைத்துக்கொள்வது ஆகியவை உதவும்.

குழு வண்டியில் மூட்டை வரும். கையோடு என்ன வைத்துக்கொள்வது?
*வாசகர், சிங்கம்புணரி*

வண்டி எப்போதும் உங்களுக்கு முன்னால் 10 கி.மீ. தள்ளித்தான் நிற்கும். அதனால் இரண்டு மூன்று கிலோவுக்குள் ஒரு சிறு முதுகுப்பை: ஒரு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். 2, ஒரு ஜோடி காலுறை, துண்டு, மைக்ரோபோர் ஒரு சுருள், சிறு கத்தரி, அயோடின், ஊசி 2, பாராசிட்டமால், உங்கள் அன்றாட மருந்து இரண்டு நாளுக்கு, டார்ச், கடலை மிட்டாய் நான்கு, ரத்த வகையும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை. தை மாதப் பனியில் விடியலில் குளிரும், ஒரு காதுத் துணி. ஒரு தோளில் தொங்கும் மஞ்சள் பையில் கனத்தைப் போட்டால் கழுத்தும் இடுப்பும் ஒரு பக்கமாக இழுக்கும். அதில் விபூதியும் பூவும் மட்டும் இருக்கட்டும்.

இரவில் நடப்பது பாதுகாப்பா?
*வாசகர், திண்டுக்கல்*

வெயிலுக்குப் பாதுகாப்பு, வண்டிக்கு இல்லை. வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக. பச்சை, காவி, நீலம் எதுவும் இருட்டில் கறுப்புதான். முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை வேண்டும். சில இடங்களில் காவல் துறையினரே ஒளிரும் பட்டையும் குச்சியும் தருகிறார்கள், வாங்கி மடித்து வைக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். வரிசையின் கடைசி ஆளிடம் சிவப்பு விளக்கு. காதில் பாட்டு வேண்டாம். கால் வலிக்கிறதென்று தார் ஓரத்திலோ, நிறுத்திய லாரிக்குப் பின்னாலோ படுக்கவே படுக்காதீர்கள்.

முகாமில் வலி ஊசி போட்டுக்கொண்டு நடக்கலாமா?
*வாசகர், ஒட்டன்சத்திரம்*

டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகை ஊசியும் மாத்திரையும் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைத் தாக்கும். அதோடு, நில் என்று கால் சொல்வது உங்கள் காதில் விழாமல் போகும். பாராசிட்டமால் 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், அதுவும் தேவைக்குத்தான். இரண்டு பக்கமும் பரவலாக வரும் தசைவலி நடந்தால் இளகும். எலும்பில் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாவது, கோலா நிறத்தில் சிறுநீர், மார்பில் அழுத்தம் ஆகிய நான்கில் எது வந்தாலும் வண்டியில் ஏறுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இத்தனையும் நடந்து போய் மலையில் 693 படி ஏற வேண்டுமே?
*வாசகி, பரமக்குடி*

ஏறுவது பெரிதில்லை. மலை உச்சியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் களைத்த தொடை உங்கள் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். முட்டி மடங்கி விழுவது அங்கேதான். ஏறுவதற்குப் படி, இறங்குவதற்குச் சரிவாக வளைந்து போகும் யானைப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன, பூச நாளில் அவற்றுக்கும் வரிசை நீளம். தரிசன வரிசையில் மணிக்கணக்காக அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டிருங்கள். கையில் ஒரு கடலை மிட்டாய் இருக்கட்டும்.

ஊர் திரும்பும் பேருந்தில் காலைத் தொங்கவிட்டுத் தூங்கிவிடாமல், விழிப்பு வரும்போதெல்லாம் கணுக்காலைச் சுழற்றுங்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் தினமும் அரை மணி நேரம் மெல்ல நடங்கள். கொப்புளக் கட்டைத் தினமும் மாற்றுங்கள், கறுத்த நகத்தைப் பிடுங்க வேண்டாம், புதிது வளர்ந்து அதுவே தள்ளிவிடும்.